போலோவில் 16×7.5 அலாய், 205 டயர்: ஃபெண்டர் மடிப்பை ரோல் பண்ணினால் போதுமா, இழுக்கணுமா?

#1 சிங்காநல்லூர்_போலோ

வண்டி 2016 போலோ 1.5 டீசல். இப்போ இருக்கறது கம்பெனி அலாய் வீல், 185/60 ஆர்15 டயர் (அகலம் 185 மி.மீ., சுவர் உயரம் அதுல 60 சதவீதம், ரிம் 15 அங்குலம்). ரிம் பின்னாடி 6ஜே (அகலம் 6 அங்குலம்), ஆஃப்செட் 40ன்னு (ரிம்மோட நடுக்கோட்டுக்கும் அது வண்டியில உட்கார்ற முகத்துக்கும் நடுவுல 40 மி.மீ.) அடிச்சிருக்கு. 30 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டாச்சு. இதுல 16×7.5, ஆஃப்செட் 35 அலாயும் 205/50 ஆர்16 டயரும் போடணும். பிசிடி (போல்ட் துளை வட்டம்) 5×100தான், அதுல பிரச்சனை இல்ல.

அலாய் கடைல "மாட்டிடலாம் தம்பி, உரசுச்சுன்னா ஃபெண்டரை ரோல் பண்ணிக்கலாம்"ங்கறாங்க (ஃபெண்டர்னா சக்கரத்துக்கு மேல வர்ற பாடித் தகரம்). ரோல் மட்டும் போதுமா, வெளியே இழுக்கவும் வேணுமா? பெயின்ட் வெடிக்காம முடியுமா? ஃபேக்டரி பெயின்ட், எங்கயும் டச்சப் கிடையாது.

#2 அளவுநாடா

உரசினால் பார்த்துக்கொள்ளலாம் என்பது டயரைப் பலி கொடுத்துத் தெரிந்துகொள்ளும் வழி. முதலில் கணக்கு.

ரிம் அகலம் 6 அங்குலத்திலிருந்து 7.5க்குப் போகிறது. 1.5 அங்குலம் என்றால் 38 மி.மீ. அதில் பாதி, 19 மி.மீ., வெளிப்பக்கம், மறுபாதி உள்பக்கம். ஆஃப்செட் 40லிருந்து 35க்குக் குறைவதால் சக்கரம் முழுதாக 5 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக ரிம்மின் வெளி விளிம்பு 24 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 14 மி.மீ. உள்ளே போகும்.

டயருக்கு வேறு கணக்கு. 205 என்று எழுதியிருப்பதால் டயர் 205 மி.மீ. அகலம் என்று நினைத்துவிடக் கூடாது. 205/50இன் அகலத்தை அளக்க வைத்திருக்கும் ரிம் 6.5 அங்குலம், அதில் மாட்டினால் பக்கச்சுவர்களின் மொத்த அகலம் 214 மி.மீ. அரை அங்குலம் ரிம் கூடினால் சுமார் 5 மி.மீ. விரியும். 7.5இல் 224 வரும். உங்கள் 185/60 இதே கணக்கில் 6 அங்குல ரிம்மில் 194. இரண்டையும் பாதியாக்கிக் கழித்தால் 15. ஆஃப்செட்டின் 5ஐச் சேர்த்தால் டயரின் வயிறு 20 மி.மீ. வெளியே வரும், 10 மி.மீ. உள்ளே போகும்.

விட்டம் 603 மி.மீ.யிலிருந்து 611 ஆகிறது. டயரின் உச்சி 4 மி.மீ. உயரும். ஏற்கெனவே 30 மி.மீ. தாழ்த்தியிருக்கிறீர்கள், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஃபெண்டரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நீங்கள் அளந்து சொல்லாமல் போதும், போதாது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரே மாடல் வண்டியிலேயே இடது வலது வித்தியாசப்படும்.

#3 பட்டறைத்_தூசி

தம்பி, ரோல் பண்றதுன்னா என்னன்னு முதல்ல தெளிவா வெச்சுக்கங்க. வீல் ஆர்ச் ஓரத்துல தகரம் உள்பக்கமா எல் மாதிரி திரும்பி நிக்கும், பத்து பன்னெண்டு மி.மீ. இருக்கும். அந்த மடிப்பை மேல நோக்கி மடிச்சு ஃபெண்டரோட உள்முகத்துல ஒட்ட வெக்கறதுதான் ரோல். வெளியே இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியக் கூடாது. இழுக்கறதுங்கறது மடிச்சதுக்கு அப்புறம் ஃபெண்டர் தகரத்தையே வெளியே தள்ளறது. அது வேற வேலை, ஆபத்தும் வேற.

முன்னாடி ஃபெண்டர் போல்ட் போட்டு மாட்டினது, ஒத்தைத் தகரம். கெட்டுப்போனா கழட்டி வேற மாட்டிக்கலாம். பின்னாடி அப்படி இல்லீங்க. அது பாடியோட பாகம். வெளித் தகரமும் உள்ளே இருக்கற சக்கரக் கூட்டுத் தகரமும் அந்த மடிப்புலதான் ஒண்ணா சேருது. நடுவுல ஸ்பாட் வெல்டிங், மேல சீலர் (இடுக்கை அடைக்கற பசை). பின்னாடி ரோல் பண்ணும்போது ரெண்டு தகரத்தையும் சேர்த்து மடிக்கிறீங்க. சீலர் கண்டிப்பா விரிசல் விடும். போலோ பாடி துத்தநாகம் பூசினதுதான், ஆனா கூர்மையா மடங்கற இடத்துல அந்தப் பூச்சும் மயிரிழை விரிசல் விடும். அதை மூடாம விட்டா ரெண்டு மழைக்காலம் தாங்காது. துரு உள்ளே இருந்து வரும். வெளியே கொப்புளம் தெரியும்போது தகரம் பாதி போயிருக்கும்.

#4 சிங்காநல்லூர்_போலோ

அளவுநாடா அண்ணா, எங்க இருந்து எங்க அளக்கணும்? நூல்ல நட்டு கட்டி ஃபெண்டர்ல தொங்க விட்டுப் பார்த்தா போதுமா?

#5 அளவுநாடா

தூக்குநூல் ஏமாற்றும். பின்சக்கரம் மேலே உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 1.5 டிகிரி சாய்வு என்றால் சக்கர மையத்துக்கும் டயர் உச்சிக்கும் இடையே 8 மி.மீ. வித்தியாசம். நூல் டயரின் கீழ்ப்பாதி வயிற்றைத்தான் முதலில் தொடும். உரசல் நடப்பது மேலே.

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, ஆர்ச்சின் உச்சியில் ஃபெண்டரின் வெளி முகத்தோடு ஒரு நேர்க்கம்பைச் செங்குத்தாகப் பிடியுங்கள். அங்கிருந்து டயரின் மேல்பாதி வயிறு வரை கிடைமட்டமாக அளந்தால் முதல் எண். மடிப்பின் ஆழம் இரண்டாவது எண். ஆர்ச்சின் அடிவிளிம்பிலிருந்து டயர் உச்சிவரை உள்ள உயரம் மூன்றாவது. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனியாக எடுங்கள். முன்பக்கம் டயரின் உள் சுவருக்கும் ஷாக் அப்சார்பர் குழாய்க்கும் இடையே எத்தனை என்றும் வேண்டும். அந்தப் பத்து மி.மீ. அங்கேதான் போய் நிற்கும்.

இவை எல்லாம் வண்டி சும்மா நிற்கும் நிலை. முழு அமுக்கத்தில் என்ன ஆகும் என்று பார்க்கப் பின்பக்கம் எளிது. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு பின் ஸ்பிரிங்கையும் கழற்றி, அச்சை ஜாக்கியால் மேலே தூக்குங்கள். பம்ப் ஸ்டாப் (அச்சு அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர்) தொட்ட பிறகும் பாதி நசுங்கும் வரை தூக்க வேண்டும், ரோட்டில் அது அவ்வளவு நசுங்கும். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிப் பாருங்கள். வளைவில் ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வரும் கோணம் அதுதான். மடிப்பின் அடியில் சப்பாத்தி மாவை உருட்டி ஒட்டிவிட்டுத் தூக்கினால் எவ்வளவு இடம் மிச்சம் என்று மாவு சொல்லிவிடும். இதற்கென்று களிமண் வாங்கத் தேவையில்லை.

#6 கிள்ளான்_ரிம்

மலேசியாவில் மைவி, சத்ரியா கார் வைத்திருக்கிறவர்கள் இதற்கு வேறு வழி பார்ப்பார்கள் லா. 7.5 ஸ்போர்ட் ரிம்மில் 205க்குப் பதில் 195/50 போடு. டயர் கொஞ்சம் இழுபட்டு நிற்கும், தோள்பட்டை உள்ளே சாயும், மடிப்பைத் தொடாது. பின்னால் ஒரு டிகிரி கூடுதல் கேம்பர் (சக்கரம் மேலே உள்பக்கம் சாயும் கோணம்) கொடுத்தால் டயர் உச்சி இன்னும் 5 மி.மீ. உள்ளே போகும். ஃபெண்டரைத் தொடவே வேண்டாம்.

#7 பட்டறைத்_தூசி

கேம்பர் கணக்கு சரி. ஆனா போலோல பின்னாடி ட்விஸ்ட் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கற ஒத்தை அச்சு), கேம்பர் மாத்த போல்ட் கிடையாது. ஸ்டப் ஆக்சிலுக்கும் (சக்கரம் சுத்தற குட்டி அச்சு) பீமுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ஷிம் வெக்கணும், நாலு போல்ட்டையும் கழட்டி. டோ கோணமும் (மேல இருந்து பார்த்தா சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கறது) சேர்ந்து மாறாம பார்த்துக்கணும். ஷிம்மை வெச்சுட்டு அலைன்மென்ட் பார்க்காம ஓட்டினா பின் டயர் உள்தோளை மாசக்கணக்குல தின்னுரும்.

டயரை இழுத்து மாட்டறதை நான் நம்ம ரோட்டுக்குச் சொல்ல மாட்டேங்க. இழுபட்ட சுவர்ல ரிம் விளிம்புக்குக் காப்பே இல்ல. ஒரு குழி, ரிம் வளைஞ்சுரும். கிள்ளான் ரோடு வேற, அவிநாசி ரோடு சர்வீஸ் லேன் வேற.

#8 கிள்ளான்_ரிம்

கிள்ளானிலும் குழி உண்டு அண்ணே, வந்து பாருங்கள். 195/50க்கு 7 அங்குலம்தான் அனுமதித்த உச்ச அகலம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், 7.5 அதைத் தாண்டிவிடும். தவறு என்னுடையது. ரிம்மையே 7ஆகக் குறைத்துக்கொண்டால் சரி.

#9 சிங்காநல்லூர்_போலோ

அளந்தாச்சு. ஃபெண்டர் வெளி முகத்துல இருந்து இப்போ இருக்கற டயர் வயிறு வரைக்கும்: பின் இடது 32, பின் வலது 27. முன் இடது 34, முன் வலது 33. பின் மடிப்பு ஆழம் 12, முன் மடிப்பு 9. முன்னாடி டயர் உள் சுவருக்கும் ஷாக் குழாய்க்கும் நடுவுல 24. எல்லாமே மி.மீ.

பின்னாடி இடது வலது 5 மி.மீ. வித்தியாசம் வருது. ரெண்டு தடவ அளந்தும் அதேதான். அடிபட்ட வண்டியா இருக்குமோ?

#10 அளவுநாடா

அவசியமில்லை. 5 மி.மீ. அளவு வித்தியாசம் அடிபடாத வண்டியிலும் வரும். பின் பீம் நடுவிலிருந்து 2.5 மி.மீ. ஒரு பக்கம் தள்ளி நின்றாலே இரு பக்கமும் சேர்த்து 5 காட்டும். பீமின் முன்புற மவுண்ட் போல்ட்களைத் தளர்த்தி, இருக்கும் சிறு விளையாட்டில் நகர்த்தி, வண்டியின் எடையை நான்கு சக்கரத்திலும் வைத்து முறுக்கினால் ஒன்றிரண்டு மி.மீ. சரியாகலாம். தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் (மவுண்டில் இருக்கும் ரப்பர்) முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

இப்போது உங்கள் எண்கள். பின் வலதுதான் இறுக்கம், அதை மட்டும் பார்த்தால் போதும்.

27இலிருந்து டயர் வெளியே வரும் 20ஐக் கழித்தால் 7. மடிப்பு 12 ஆழம். அதாவது ரோல் பண்ணாமல் மாட்டினால் டயர் வயிறு மடிப்புக்கு 5 மி.மீ. வெளியே. சக்கரம் மேலே ஏறும்போது மடிப்பின் முனை கத்தி மாதிரி டயரின் தோளை அறுக்கும். ரோல் பண்ணிய பிறகு மடிந்த தகரங்களும் சீலரும் சேர்ந்து 3 மி.மீ. தடிமன் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 4 மி.மீ. இடது பக்கம் 9.

4 போதாது. திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் நெளியும், புஷ்ஷும் கொடுக்கும். பின்பக்கம் குறைந்தது 6, 7 மி.மீ. இல்லாமல் நான் சரி சொல்ல மாட்டேன்.

ஆகவே இரண்டு வழி. வலது பக்கத்தை 3 மி.மீ. இழுப்பது. அல்லது ஆஃப்செட் 35க்குப் பதில் 40 வாங்குவது. வெளியே 5 மி.மீ. குறையும், ரோல் மட்டும் பண்ணினால் வலதில் 9, இடதில் 14. அதன் விலை உள்பக்கம். முன்னால் 24இல் 15 போய் 9 மி.மீ. மிச்சம். அது போதும். 42 எடுத்தால் 7, அதுவும் ஓடும். அதற்கு மேல் உள்ளே தள்ள வேண்டாம்.

என் தேர்வு 40, ரோல் மட்டும். டிசைன் பிடித்துவிட்டது என்பதற்காக 35 வாங்கி, அதற்காக பாடியை இழுப்பது தலைகீழ்.

#11 எம்14_போல்ட்

ரோலர் (சக்கரத்தைக் கழற்றி ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் மையத்தில், பொருத்தி மடிப்பை மடிக்கும் கருவி) மாட்டுவதற்கு முன் ஒரு விஷயம். யூடியூபில் காட்டும் ரோலர்கள் பெரும்பாலும் ஸ்டட் (நீட்டிக்கொண்டிருக்கும் திருகுக் கம்பி) உள்ள ஜப்பான் வண்டி ஹப்பில் நட்டு போட்டு இறுக்குகிறவை. போலோவில் ஸ்டட் கிடையாது, எம்14×1.5 போல்ட். ரோலர் தட்டின் தடிமனுக்கு ஏற்ற நீளத்தில் போல்ட் தனியாக வேண்டும். பின்பக்கம் டிரம் பிரேக். போல்ட் அளவுக்கு மேல் நீளமாக இருந்தால் ஹப்பைத் தாண்டி உள்ளே பிரேக் ஷூ பாகத்தில் இடிக்கும். கையால் திருகி, டிரம் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். தட்டைக் குறைந்தது மூன்று போல்ட்டில் பிடியுங்கள், ஒன்றில் தொங்கவிட்டால் அழுத்தும்போது தட்டு சாயும்.

புது அலாய்க்கும் இதே கவனம். கம்பெனி போல்ட்டின் தலை உருண்டை இருக்கை. வெளிச்சந்தை அலாய் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு இருக்கை. உருண்டை போல்ட்டைக் கூம்பு இருக்கையில் போட்டால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொடும். முறுக்கு காட்டும், ஆனால் பிடித்திருக்காது. கூம்பு போல்ட் வாங்குங்கள். மையத் துளை 57.1, அலாயின் துளை அதைவிடப் பெரிதாக இருந்தால் அந்த அளவுக்கு வளையம் போடாமல் 80 வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். முறுக்கு 120 நியூட்டன் மீட்டர். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள்.

#12 பட்டறைத்_தூசி

சரி, ரோல் பண்ற முறை. பொறுமை இருக்கறவங்க மட்டும் படிங்க. நாலு ஆர்ச்சும் சேர்ந்து ஒரு முழு நாள் வேலை. ரெண்டு மணி நேரத்துல முடிச்சுத் தரேன்னு சொல்றவங்க பெயின்ட்டைக் கொன்னுட்டுத்தான் தருவாங்க.

முதல்ல பெயின்ட் தடிமன் பாருங்க. ஃபேக்டரி பெயின்ட் நூறு, நூத்தி முப்பது மைக்ரான்ல இருக்கும். இருநூறுக்கு மேல காட்டினா மறுபெயின்ட். அதுக்கும் மேல ஏறினா பட்டி இருக்கு. பட்டி போட்ட ஆர்ச்சை எவ்வளவு சூடு பண்ணினாலும் அது வெடிக்கும், பட்டிக்கு வளையத் தெரியாது. மீட்டர் இல்லாட்டி சின்னக் காந்தத்தை ஒட்டிப் பாருங்க. மத்த இடத்துல ஒட்டற இறுக்கம் அங்கே இல்லைன்னா சந்தேகப்படலாம்.

வண்டிய ஸ்டாண்டுல நிறுத்தி வீலைக் கழட்டுங்க. லைனரோட (சக்கரக் கூட்டுக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் மறைப்பு) ஸ்குரூ எல்லாம் டி25 டார்க்ஸ், நட்சத்திரத் தலை. மடிப்புல மாட்டியிருக்கற ஸ்குரூவையும் கிளிப்பையும் எடுக்காம ரோலர் ஓட்டினா அந்த இடத்துல வெளியே முட்டு விழும். மடிப்புக்கு உள்ளே இருக்கற மண், பழைய அண்டர்கோட் (அடிப்பக்கப் பூச்சு), பெயர்ந்து நிக்கற சீலர் எல்லாத்தையும் பிரஷ் போட்டு சுரண்டி, தின்னர் துணியில துடைங்க. ஒரு மணல் பொட்டு இருந்தாலும் ரோலர் அடியில மாட்டி வெளியே பரு மாதிரி தெரியும்.

அடுத்தது உயரம். வீல் கழட்டின உடனே ஹப் கீழ தொங்கும். அப்படியே ரோலரை மாட்டினா அது சுத்தற வட்டமும் ஆர்ச்சோட வட்டமும் பொருந்தாது, உச்சியில ஒரு அழுத்தம் ஓரத்துல ஒரு அழுத்தம் வரும். இன்னொரு ஜாக்கி வெச்சு ஹப்பை வண்டி நிக்கற உயரத்துக்குத் தூக்கிட்டு மாட்டுங்க.

சூடு. ஹீட் கன்னை ஒரு ஜாண் தள்ளிப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே இருக்கணும். தகரம் 55ல இருந்து 65 டிகிரிக்குள்ள இருந்தா பெயின்ட் இளகி வரும். லேசர் தெர்மாமீட்டர் வாங்கிக்கங்க. அது இல்லைன்னா, விரல் வெச்சா ஒரு நொடிக்கு மேல வெக்க முடியாத சூடு. ஒரே இடத்துல நிறுத்தினா கிளியர் கோட் (பெயின்ட் மேல இருக்கற பளபளப்புப் பூச்சு) பொங்கிரும். காலையில குளிர்ல ஆரம்பிக்காதீங்க, மதிய வெயில் நம்ம ஊர்ல இலவசம்.

முதல் சுத்துல ரோலர் மடிப்போட நுனியில மட்டும் படணும். மடிப்பு திரும்பற மூலையில அழுத்தினா வெளித் தகரம் அலை அலையா போயிரும். புதுசா பண்றவங்க நூத்துக்குத் தொண்ணூறு பேர் கெடுக்கறது இங்கதான். ஒரு சுத்துக்குப் பத்து, பதினஞ்சு டிகிரி மட்டும் மடிங்க. சூடு பண்ணு, ஒரு கோடிக்கு ஒரு கோடி நாலைஞ்சு தடவ மெதுவா ஓட்டு, அப்புறம்தான் அழுத்தத் திருகை அரைத் திருகு ஏத்து, மறுபடி சூடு. 90 டிகிரியில இருக்கற மடிப்பு பாதி சாயற வரைக்கும் சுலபமா வரும். அதுக்கப்புறம் ரோலரோட கோணத்தை மாத்தணும், இல்லைன்னா ரோலர் விளிம்பு பெயின்ட்டைக் கீறும்.

ஒரு சுத்து முடிஞ்சதும் விரலை வெளிமுகத்துல ஓட்டிப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத அலை விரலுக்குத் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தைத் தகரத்துல பிரதிபலிக்க விட்டாலும் தெரியும், கோடு நெளிஞ்சா நிறுத்துங்க.

மடிப்பை வெட்டி விட்டா சீக்கிரம் மடங்கும்னு சில பேர் கிரைண்டர்ல கீறல் போடுவாங்க. பின்னாடி அதைப் பண்ணவே கூடாது. ஸ்பாட் வெல்டுக்கு நடுவுல பாடியைத் திறந்து விடறதுக்குச் சமம்.

ரெண்டு கோடியிலயும் பம்பர் சேர்ற இடத்துக்கு ரோலர் போகாது. அங்க ரப்பர் சுத்தி, உள்ளே நைலான் கட்டை வெச்சுச் சின்னச் சின்னதா தட்டணும். பம்பரோட பிளாஸ்டிக் காதும் அதைப் பிடிக்கிற ஸ்குரூவும் அந்த மூலையிலதான் நீட்டிக்கிட்டு இருக்கும். ஃபெண்டரை அழகா மடிச்சுட்டு அந்தக் காதை மறந்துடுவாங்க. வண்டி ஓடும்போது டயர் அதைத்தான் தின்னும்.

#13 பின்சீட்_பாரம்

பேஸ்பால் கட்டையை டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் சொருகி வண்டியை மெதுவாக உருட்டினால் மடிந்துவிடும் என்கிறார்களே? ரோலர் வாடகைக்குக் கிடைக்காத ஊரில் அதுதானே வழி?

#14 பட்டறைத்_தூசி

மடியும். எப்படி மடியும்னு உங்க கையில இல்ல. கட்டை எந்த இடத்துல தடுமாறுதோ அங்க வெளியே வீங்கும். டயர் திடீர்னு கட்டையை இழுத்துச்சுன்னா விரல் ஃபெண்டருக்கு நடுவுல. ஜிஐ பைப் வெச்சுப் பண்றவங்களும் இருக்காங்க, அது இன்னும் மோசம், கட்டையாவது கொஞ்சம் கொடுக்கும். ரோலர் கிடைக்கலைன்னா ரப்பர் சுத்தியும் நைலான் கட்டையும் வெச்சு அஞ்சு செ.மீ. அஞ்சு செ.மீ.யா முழு ஆர்ச்சும் தட்டலாம். நேரம் மூணு மடங்கு ஆகும், ஆனா அளவு உங்க கட்டுப்பாட்டுல இருக்கும்.

#15 தகர_வளைவு

இழுப்பதை எல்லோரும் பேயோட்டுகிற மாதிரி பேசுகிறீர்கள். 3 மி.மீ. இழுப்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. மடிப்பு முழுதாக மடிந்து ஒட்டிய பிறகு, ரோலரின் கையை நீட்டி, கோணத்தை வெளிப்பக்கம் சாய்த்து, அதே சூட்டில் ஒரு சுத்துக்கு ஒரு மி.மீ. என்று தள்ளினால் 5 மி.மீ. வரை பெயின்ட் தாங்கும். முக்கியம், உச்சியில் மட்டும் தள்ளாமல் கடிகாரத்தில் 10 மணியிலிருந்து 2 மணிவரை பரத்தித் தள்ள வேண்டும். உச்சியில் மட்டும் இழுத்தால் மூக்கு வைத்த மாதிரி தெரியும். 10 மி.மீ.க்கு மேல் போகிறவர்கள் பெயின்ட் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

#16 பட்டறைத்_தூசி

முன்னாடின்னா நானும் சரின்னு சொல்வேன். போல்ட்டைத் தளர்த்தி ஃபெண்டரையே ஒண்ணு ரெண்டு மி.மீ. நகர்த்தவும் முடியும், பானெட் இடைவெளியைப் பார்த்துக்கிட்டு. பின்னாடி அஞ்சு கதவு போலோல கதவோட பின்விளிம்பு ஆர்ச்சுக்குப் பக்கத்துலயே வருது. நீங்க 10 மணியில தள்ளற தகரம் கதவோட விளிம்பை விட்டு வெளியே நிக்கும். 3 மி.மீ. இழுத்தாலே கதவுக்கும் பாடிக்கும் நடுவுல படி தெரியும். அதுவும் ஒரு பக்கம் மட்டும். பின்னாடி இருந்து பார்த்தா வண்டி இடுப்பு கோணின மாதிரி இருக்கும்.

#17 தகர_வளைவு

கதவுப் பக்கம் பரத்த முடியாது என்பது சரி. அங்கே 11இலிருந்து ஆரம்பித்துப் பின் பம்பர் பக்கம் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் 40 ஆஃப்செட் கிடைக்கும் என்றால் நானும் இழுக்கச் சொல்ல மாட்டேன், இந்த வண்டிக்குத் தேவை இல்லை.

#18 எம்14_போல்ட்

சட்டப் பக்கம் யாரும் தொடவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உள்பக்கம் மடித்த மடிப்பை யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் ஃபெண்டரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் டயர் தூரத்திலிருந்தே கண்ணில் படும், விபத்துக்குப் பிறகு காப்பீட்டு சர்வேயர் கண்ணிலும். மழையில் சேறு கதவு முழுக்க அடிக்கும் என்பது தனி. டயர் ஃபெண்டருக்குள் இருக்கிற அளவை எடுங்கள்.

#19 சிங்காநல்லூர்_போலோ

கடைல கேட்டேன், அதே டிசைன் 38ல இருக்கு, 40ல இல்ல. 38 எடுத்தா வலதுல ரோலுக்கு அப்புறம் 7 வரும், முன்னாடி உள்ளே 11 வரும். கணக்கு சரிதானே? இழுக்கறதை விட்டுட்டேன்.

இன்னொரு சந்தேகம். ரோல் முடிஞ்சதும் என்ன பூசணும், லைனரை என்ன பண்றது?

#20 அளவுநாடா

கணக்கு சரி. 7 என்பது விளிம்பில் நிற்கும் எண், பீமை நடுவுக்குக் கொண்டுவந்து ஒரு மி.மீ. கிடைத்தால் விடாதீர்கள். டயர் வாங்கும்போது பிராண்டையும் பாருங்கள். ஒரே 205/50இல் சிலவற்றின் தோள் சதுரமாக இருக்கும், சிலவற்றில் உருண்டிருக்கும். ரிம்மைக் காக்கத் தனி மேடு வைத்த டயர் பக்கவாட்டில் இன்னும் சில மி.மீ. எடுக்கும். கடையில் மாட்டிப் பார்க்கச் சொல்லி, காற்று நிரப்பிய பிறகு வயிறை அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

#21 பட்டறைத்_தூசி

மடிப்பை 180 டிகிரியும் ஒட்ட மடிச்சு நடுவுல இடுக்கு விட்டா அதுல தண்ணி நிக்கும். ஒட்டறதுக்கு முன்னாடியே உள்ளே துத்தநாக பிரைமரை பிரஷ்ல விட்டு, காய்ஞ்சதும் பாலியூரத்தேன் சீலரை நூல் மாதிரி பிதுக்கிட்டு, அது ஈரமா இருக்கும்போதே கடைசிச் சுத்தை ஓட்டுங்க. பிதுங்கி வர்றதைத் துணியில துடைச்சுருங்க. மறுநாள் மேல இன்னொரு கோட் சீலர், அதுக்கு மேல கல்லடி தாங்கற அண்டர்கோட். பின்னாடி உள்கூட்டுக்குள்ள மெழுகு ஸ்பிரே நீள ட்யூப் வெச்சு அடிச்சுருங்க. மடிப்புல தண்ணி வெளியேற ஓட்டை ஏதாச்சும் இருந்தா சீலர் அதை அடைக்காம பாருங்க.

லைனரைக் கழட்டி எறியாதீங்க. அதுதான் ஃபெண்டருக்குள்ள சேறும் தண்ணியும் போகாம தடுக்கறது. அந்தப் பிளாஸ்டிக்கை ஹீட் கன்ல இளக்கி, கையுறை போட்டு உள்ளே அமுக்கி, ஈரத்துணி வெச்சுக் குளிர விடுங்க, அந்த வடிவத்துலயே நிக்கும். மடிப்புல மாட்டின ஸ்குரூ இருந்த இடத்துக்கு மாத்தா கொஞ்சம் மேல தள்ளி பிளாஸ்டிக் கிளிப் போட்டுக்கலாம், ஸ்குரூ நுனி டயரைப் பார்த்து நிக்காத மாதிரி.

#22 பின்சீட்_பாரம்

பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சாமானும் ஏற்றிப் பாருங்கள், தனியாக ஓட்டி உரசவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஆர்ச்சின் உள்விளிம்பு முழுக்க சாக்பீஸ் தேய்த்துவிட்டு, மேம்பாலத்து இணைப்புகளிலும் வேகத்தடையிலும் ஒரு சுற்று போனால் எங்கே தொட்டதோ அங்கே சாக்பீஸ் அழிந்து டயரில் வெள்ளைக் கோடு விழும். முன்பக்கம் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துக்கொண்டு ஒரு சக்கரத்தை மட்டும் வேகத்தடையில் ஏற்றுங்கள். அங்கே தொடுவது பெரும்பாலும் ஃபெண்டர் இல்லை, லைனரின் முன்மூலை.

#23 சிங்காநல்லூர்_போலோ

கடைசியா ஒண்ணு. வலது பின்னாடி பெட்ரோல் மூடிக்கு நேர் கீழதானே ஆர்ச்? சாரி, டீசல். அங்க ஹீட் கன் பிடிக்கலாமா?

#24 பட்டறைத்_தூசி

நல்லவேளை கேட்டீங்க. டேங்க் குழாய் அந்த லைனருக்குப் பின்னாடிதான் இறங்குது, பாதி பிளாஸ்டிக். லைனரைக் கழட்டினதும் குழாயை நனைச்ச கோணித்துணியில சுத்திருங்க, மேல ஒரு அலுமினியத் தகடு தடுப்பா வைங்க. ஹீட் கன்னை உள்பக்கமா காட்டாம வெளிமுகத்துல இருந்து மட்டும் காட்டுங்க. மூடி இறுக்கமா இருக்கணும், டீசல் கசிஞ்ச வாடை அடிச்சா அன்னிக்கு வேலையே வேண்டாம். சக்கர வேக சென்சார் ஒயரையும் கிளிப்ல இருந்து எடுத்து ஓரமா கட்டிருங்க. வலது பின்னாடியைக் கடைசியா வெச்சுக்கங்க. மூணு ஆர்ச் பண்ணி முடிக்கறதுக்குள்ள கைக்கு அளவு பழகியிருக்கும், இடம் கம்மியும் அங்கதான்.

#25 சிங்காநல்லூர்_போலோ

சரிங்கண்ணா. 38 ஆஃப்செட்டுக்கு முன்பணம் கொடுத்தாச்சு. கூம்பு போல்ட் 20, 57.1 வளையம் 4, சீலர் ஒரு ட்யூப், துத்தநாக பிரைமர் ஒரு டின் எழுதி வெச்சிருக்கேன். விட்டது ஏதாச்சும் உண்டா?

#26 எம்14_போல்ட்

பம்பர் காதுக்கு வெட்டும் கத்தி. அப்புறம் சாக்பீஸ்.